வேகமெடுக்கையில் உதறும் வண்டி

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோகும் குறைகளுள், ‘வேகம் எடுக்கும்போது வண்டி உதறுகிறது’ என்பதைவிடச் சொல்வதற்கு எளிதும், சொன்ன மாத்திரத்தில் எதையும் விளக்காததுமான குறை வேறொன்று இருப்பது அரிது. விளக்கு எரியவில்லை என்றால் பல்பையும் பியூஸையும் பார்க்கலாம்; ஹாரன் அடிக்கவில்லை என்றால் ஹாரனையும் அதன் ஒயரையும் பார்க்கலாம். உதறலோ, டயரில் பிறந்து ஸ்டியரிங்கில் தெரியலாம். என்ஜினில் பிறந்து இருக்கையில் தெரியலாம். கியர்பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே சுழலும் ஒரு தண்டில் பிறந்து, வண்டி முழுவதும் பரவி, ஓட்டுகிறவருக்கு இன்ன இடமென்று காட்டாமலே இருந்துவிடலாம். ஆகையினால்தான் இந்த ஒரு குறைக்காக நான்கு டயர்களையும் மாற்றி, அதனால் தீராமல் பிளக்குகளை மாற்றி, அதனாலும் தீராமல் கிளச்சைப் பிரித்து, கடைசியில் சொற்ப விலையுள்ள ஒரு ரப்பர் மவுண்டிங்கில் விஷயம் முடிந்ததைக் கண்டு பெருமூச்சு விட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்த வீண் செலவுக்குப் பெரும்பாலும் காரணம் மெக்கானிக்கின் கைத்திறன் குறைவு அன்று. கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது என்பதில் நேரும் பிசகுதான். ஓடும் வண்டியில் சுழலும் பாகங்கள் பல இருந்தாலும் அவை எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. சக்கரத்தின் சுழற்சி, சாலையில் வண்டி போகும் வேகத்தை மட்டுமே பொறுத்தது. என்ஜினின் சுழற்சி, அந்த வேகத்தோடு, போட்டிருக்கும் கியரையும் சேர்த்துப் பொறுத்தது. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது விஷயம், அந்தக் கணத்தில் என்ஜின் இழுக்கும் பாரம். உதறல் இம்மூன்றில் எதனோடு கூடுகிறது, எதனோடு குறைகிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டால், ஒரு நட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே, சந்தேகப்பட வேண்டிய பாகங்களுள் பெரும்பகுதி தாமாகவே விலகிவிடும். அந்த நிச்சயத்தைத் தேடும் வழியை, வண்டியை ஓட்ட மட்டுமே தெரிந்த ஒருவரும் பின்பற்றக்கூடிய முறையில் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிற்கும் வண்டியில் பார்க்க வேண்டியவை

சாலைக்குப் போவதற்கு முன், நிற்கும் வண்டியைச் சுற்றி ஒரு முறை நிதானமாக வர வேண்டும். சமீபத்தில் பங்க்சர் ஒட்டியோ டயரை இடம் மாற்றியோ இருந்தால், வீல் நட்டுகள் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது முதல் கடமை. தளர்ந்த நட்டு உதறலை மட்டும் உண்டாக்குவதில்லை, சக்கரத்தையே கழற்றிவிடக்கூடியது ஆதலால், அத்தகைய வண்டியை நட்டை முடுக்காமல் பட்டறை வரைக்கும்கூட ஓட்டலாகாது. அடுத்து, டயரின் பக்கச் சுவரில் எங்கேனும் புடைப்பு இருக்கிறதா, தரையில் படும் முகத்தில் ஏதேனும் ஓரிடம் மேடிட்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். புடைப்பு என்பது உள்ளிருக்கும் நூல் அடுக்கு அறுந்துபோனதன் அடையாளம். அதற்குப் பரிகாரம் புது டயர் ஒன்றே. மழைக்காலத்தில் வயல்வழியே போய் வந்த வண்டியானால், ரிம்மின் உட்புறத்தில் ஒட்டிக் காய்ந்த சேறுகூட உதறலுக்குப் போதுமான காரணமாகும். அதைத் தீர்க்கத் தண்ணீரும் ஒரு குச்சியும் போதும்.

இத்துடன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: உதறல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இந்த வண்டியில் யார் எதைத் தொட்டார்கள்? டயர் மாற்றிய மறுநாள் வந்த உதறலையும், கிளச் மாற்றிய மறுநாள் வந்த உதறலையும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் பெட்ரோல் போட்ட அன்று மாலையே வந்த உதறலையும் அவ்வவ்விடத்திலிருந்தே ஆராயத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

சாலையில் மூன்று பரீட்சைகள்

போக்குவரத்து ஓய்ந்திருக்கும் அதிகாலையில், சமதளமான நேர்ச்சாலை ஒன்றில், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவரை அமர்த்திக்கொண்டு செய்ய வேண்டிய பரீட்சைகள் மூன்று. முதலாவதில், வண்டியைச் சீராக வேகப்படுத்திக்கொண்டு போய், உதறல் தொடங்கியதும் அப்போதைய வேகத்தைக் குறித்துக்கொண்டு, கியரை மாற்றாமல், பிரேக்கையும் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட வேண்டும். காலை எடுத்த அதே நொடியில் உதறல் நின்றால், அது பாரத்தினால் வரும் உதறல். வண்டியின் வேகம் அந்த ஒரு நொடியில் ஏறத்தாழ மாறவே இல்லை என்பதனால், சக்கரத்தின்மேல் உள்ள சந்தேகம் அப்போதே பெரிதும் நீங்கிவிடுகிறது. காலை எடுத்த பிறகும் உதறல் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கினால், அது சுழற்சியினால் வரும் உதறல்.

இரண்டாவது பரீட்சை, அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டுவது. நான்காம் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரில் உதறும் வண்டியை மூன்றாம் கியரில் அதே 60 கிலோமீட்டரில் ஓட்டினால், சக்கரங்கள் முன்போலவே சுழலும். என்ஜின் மாத்திரம் விரைந்து சுழலும். உதறல் அந்த வேகத்திலேயே நிலைத்திருந்தால் சக்கரத்தையும் அதனோடு இணைந்து சுழலும் தண்டையும் பார்க்க வேண்டும். வேறு வேகத்துக்கு நகர்ந்தால் என்ஜினைப் பார்க்க வேண்டும். மூன்றாவது பரீட்சைக்கு வண்டி ஓட வேண்டியதே இல்லை. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பார்த்தால், நிற்கும்போதே உதறும் வண்டி என்ஜினின் குறையைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். ஓடும்போது சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்லும் யோசனையை மட்டும் யாரும் ஏற்கக் கூடாது; என்ஜின் நின்றால் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைத்துவரும் துணைவிசையும் போய்விடும்.

உதறலின் விரைவும் ஒரு சாட்சி. சாதாரணக் கார் ஒன்றின் டயர் ஒரு முறை சுழன்றால் வண்டி 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. ஆகவே மணிக்கு 80 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் நொடிக்குச் சுமார் 11 முறை சுழல்கிறது. அதே சமயத்தில் என்ஜின் நிமிஷத்துக்கு 2400 சுற்றுச் சுழல்வதாக வைத்துக்கொண்டால், அது நொடிக்கு 40 சுற்று. நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வரும் அசைவைக் கை தனித்தனி உலுக்கலாக உணரும். நாற்பது தடவை வருவதைக் கூசும் அதிர்வாக மட்டுமே உணரும். கைபேசிகளில் அசைவை அளக்கும் உணர்வி இருப்பதனால், அந்த எண்ணிக்கையைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, கைபேசியை இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு இறுகக் கட்டிவைத்தால், கைக்குச் சந்தேகமாயிருப்பதையும் எண்ணாகவே படித்துவிடலாம்.

சக்கரத்தினால் வரும் உதறல்

சக்கரத்தில் எடை ஒரு பக்கம் மிகுந்திருப்பதுதான் எல்லோரும் முதலில் சந்தேகிக்கும் காரணம். அதன் வலிமை நாம் நினைப்பதைவிட அதிகம். 14 அங்குல ரிம்மின் விளிம்பில் வெறும் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 4 கிலோ எடைக்குச் சமமான விசையாகி, நொடிக்கு 14 தடவை சக்கரத்தை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். அப்படியிருந்தும், சமன் கெட்ட சக்கரமுள்ள வண்டி 80-க்கும் 110-க்கும் நடுவே கடுமையாக உதறிவிட்டு, அதற்கு மேல் சற்று அடங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சக்கரமும் அதைத் தாங்கும் பாகங்களும் தமக்கென்று ஓர் இயல்பான அசைவு விகிதம் உடையவை. கார்களில் அது நொடிக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வரை இருக்கும். சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் பெருகி, அதைத் தாண்டியதும் ஒத்திசைவு போய்விடுவதால் தணிகிறது.

இந்த உதறல் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் மாறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேகமெடுத்துக்கொண்டு போகும்போது அந்த 80-ஐக் கடந்து போவதனால் மட்டுமே, ஓட்டுகிறவர் அதை வேகமெடுப்பதன் குறையென்று எண்ணிக்கொள்கிறார். முதலாவது பரீட்சை இந்த மயக்கத்தைத் தெளிவித்துவிடும். இதற்குப் பரிகாரம் வீல் பேலன்சிங். இயந்திரத்தில் சக்கரத்தைப் பூட்டிச் சுழற்றினால் எந்த இடத்தில் எத்தனை கிராம் ஈயமோ துத்தநாகமோ இரும்போ வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். அலைன்மெண்ட் என்பது வேறு விவகாரம். வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும், டயர் ஓர் ஓரமாகத் தேய்வதும் அதனால் தீருமேயன்றி உதறல் தீராது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் கடைகளில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பேலன்சிங் சரியாக இருந்தும் உதறல் தொடர்ந்தால் ரிம் கோணியிருக்கிறதா, வீல் பேரிங்கிலும் பால் ஜாயிண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இழுக்கும்போது மட்டும் வரும் உதறல்

காலை எடுத்தவுடன் நின்றுவிடும் உதறலே இக்குறையின் உண்மையான வடிவம்; அதில்தான் தவறான பாகங்கள் அதிகமாக மாற்றப்படுகின்றன. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களில், கியர்பெட்டியிலிருந்து ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ஒரு தண்டு போகிறது. பட்டறையில் இதை ஆக்சில் என்றும் டிரைவ் ஷாஃப்ட் என்றும் சொல்வார்கள். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பவும் வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே சுழற்சி மட்டும் தடையின்றிச் சீராகப் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடினமான காரியத்துக்காக, போர்டு கம்பெனியில் பொறியாளராக இருந்த ஆல்பிரட் ஸெப்பா என்பவர் 1920-களில் குண்டுகளைக் கொண்டு அமைத்த இணைப்பின் வழிவந்ததே, இன்று சக்கரத்தின் பக்கம் இருக்கும் சி.வி. ஜாயிண்ட். 1959-இல் இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி என்ற சிறிய கார் இந்த வகை இணைப்பைக்கொண்டு முன்சக்கர இழுவையைப் பரவச் செய்தது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அதைச் சாதாரணக் குடும்பங்களின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

சக்கரப் பக்கத்து ஜாயிண்ட் தேய்ந்தால், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது ‘கடக், கடக்’ என்று ஓசை கேட்கும். அது பெரும்பாலும் உதறலைத் தருவதில்லை. உதறலைத் தருவது கியர்பெட்டிப் பக்கத்தில் இருக்கும் மற்றொரு ஜாயிண்ட். பல கார்களில் அது மூன்று உருளைகளை உடையது; அவ்வுருளைகள் ஒரு கிண்ணத்தின் உட்புறமுள்ள மூன்று பள்ளங்களில் வழுக்கிக்கொண்டே சுழற்சியைக் கடத்துகின்றன. என்ஜின் இழுக்கும்போது உருளைகள் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில் அழுந்துகின்றன. ஆண்டுக்கணக்கான அழுத்தத்தில் அச்சுவரில் குழி விழுந்துவிட்டால், வழுக்க வேண்டிய உருளை தயங்கி நின்று, பிறகு துள்ளி நகர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வண்டியின் முன்பகுதி இடமும் வலமுமாக உலுக்கப்படுவதை ஓட்டுகிறவர் உணர்கிறார். காலை எடுத்தால் பாரம் நீங்கி, உருளைகள் தேயாத மறுசுவரில் சாய்ந்துவிடுவதால், உதறல் சட்டென்று மறைகிறது. வேகமெடுக்கும்போது வண்டியின் முன்புறம் தூக்குவதனால் தண்டின் சாய்வு கூடுவதும், பின்னிருக்கையில் ஆட்களும் டிக்கியில் சுமையும் ஏறினால் அந்தச் சாய்வு இன்னும் மிகுவதும், ‘குடும்பத்தோடு போகும்போதுதான் உதறுகிறது’ என்ற விந்தையான முறையீட்டுக்குக் காரணம்.

இந்த ஜாயிண்டைக் காப்பது அதன்மேல் மடிப்பு மடிப்பாகப் போர்த்தியிருக்கும் பூட் என்ற ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே சிதறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். ஆகவே சர்வீஸ் நாட்களில் வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது, உறைகளைக் காட்டும்படி கேட்டுப் பார்ப்பது வீண் வேலை அன்று. கிழிசலை உடனே கண்டால் சுத்தம் செய்து, புதுக் கிரீஸ் அடைத்து, புது உறை போட்டால் போதும். பள்ளத்தில் குழி விழுந்த பிறகு எத்தனை கிரீஸ் அடைத்தாலும் பயனில்லை; ஜாயிண்டையோ முழுத் தண்டையோ மாற்றியே ஆக வேண்டும். தண்டை உருவும்போது பல வண்டிகளில் கியர்பெட்டி ஆயில் ஒழுகிவிடும் என்பதால், ஆயில் சீலையும் புதிதாகப் போட்டு, ஆயிலின் அளவைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

பின்சக்கரங்களால் தள்ளப்படும் வண்டிகளில், அதாவது பழைய அம்பாசடர் முதல் இன்றைய சரக்கு வேன்கள் வரையில், இதே இடத்தில் இருப்பது நீளமான பிராப்பல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் உள்ள கிராஸ் என்னும் சிலுவை வடிவ இணைப்புக்கு ஓர் இயற்கையான குறை உண்டு: அது சாய்வாக நின்று சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்தும் இரண்டு முறை தாமதித்தும் சுழலும். 10 பாகை சாய்வில் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றரை சதவீதம். தண்டின் மறுமுனையில் அதே அளவு சாய்வில் இன்னொரு கிராஸை வைத்து, முதலாவது செய்த பிழையை இரண்டாவது ஈடுசெய்யும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே இரு முனைகளின் கவைகளும் ஒரே நேராக நிற்க வேண்டியது அவசியம். தண்டை நடுவில் பிரித்து மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், எந்தப் பாகமும் தேயாமலே வண்டி உதறத் தொடங்கிவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் பிரிப்பதற்கு முன் சுண்ணக்கட்டியாலோ உளியாலோ இரு பாதிகளிலும் ஒரு குறி போட்டுக்கொள்வது இதனால்தான். இவ்வகை வண்டியில் கிராஸின் ஆட்டம், சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பரின் கிழிசல், தண்டில் ஏற்பட்ட வளைவு என்ற வரிசையில் ஆராய வேண்டும்.

என்ஜினே உதறும்போது

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிந்து, தன் பங்குக்கு ஒரு தள்ளு தருகிறது. பல்லக்குத் தூக்கும் நால்வரில் ஒருவன் கால் நொண்டினால், மற்ற மூவரின் தோள்வலிமை குறையாமலிருந்தும் பல்லக்கு முழுவதும் குலுங்குகிறதல்லவா? ஒரு சிலிண்டர் எரியாமற் போகும்போது வண்டிக்கு நேர்வதும் அதுவே. பட்டறைப் பேச்சில் இதற்கு ‘மிஸ்ஸிங்’ என்று பெயர். இந்த உதறலோடு இழுவைக் குறைவும் சேர்ந்து வரும். ஜாயிண்டின் உதறலில் இழுவை குறைவதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு லட்சணமே போதுமானது.

சும்மா நிற்கும்போது நன்றாக ஓடும் என்ஜின், மேட்டில் ஏறும்போதும் முந்திச் செல்ல மிதிக்கும்போதும் மட்டும் ஏன் மிஸ்ஸிங் அடிக்கிறது? ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று நிறையப் புகுந்து, அமுக்கப்படும்போது அழுத்தம் மிகுகிறது. அழுத்தம் மிகுந்த காற்றைத் தாண்டிப் பிளக்கின் முனைகளுக்கு நடுவே பொறி பாய்வதற்கு முன்னைவிட அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. காயில் பலவீனமாயிருந்தாலோ, பிளக்கின் பீங்கானில் நூலிழை அளவு விரிசல் இருந்தாலோ, முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, லேசான வேலையைச் சமாளித்த அதே பொறி கடினமான வேலையில் தவறிவிடுகிறது. காற்றுக் குழாயில் விரிசல் விழுந்து உறிஞ்சப்படும் காற்றினால் வரும் கோளாறு இதற்கு நேர்மாறானது. அது சும்மா நிற்கும்போது அதிகமாகவும் மிதிக்கும்போது குறைவாகவும் இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த காலத்து மெக்கானிக்குகள் ஒவ்வொரு பிளக்கின் ஒயராக உருவி, எதை உருவினால் ஓட்டத்தில் மாறுதல் ஏற்படவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர் என்று காதினாலேயே கண்டுபிடித்தார்கள். இக்காலத்து வண்டியில் அந்த வேலையை வண்டியின் கம்ப்யூட்டரே செய்கிறது. எரிந்த ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டைச் சற்று விரைவுபடுத்துவதையும், எரியாத சிலிண்டரின் முறை வரும்போது அது தளர்வதையும் நொடிக்கு நொடி அளந்து, இன்ன சிலிண்டர் தவறுகிறது என்று குறித்துவைத்துக்கொள்கிறது. ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தால் பி 0301 முதல் பி 0304 வரையிலான எண்களுள் ஒன்று வரும். கடைசி இலக்கமே சிலிண்டரின் எண். பி 0300 என்று வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் மாறி மாறித் தவறுகின்றன என்று பொருள். அப்போது தனித்தனிப் பிளக்கைவிட எல்லாவற்றுக்கும் பொதுவான பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் சந்தேகிப்பதே பொருத்தம்.

எண் தெரிந்தவுடன் புதுப் பாகம் வாங்க ஓட வேண்டியதில்லை. சிலிண்டருக்கு ஒரு காயிலாக உள்ள வண்டியில், இரண்டாவது சிலிண்டர் தவறுகிறது என்றால், அதன் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். தவறு மூன்றாவதற்கு நகர்ந்தால் காயில் கெட்டது என்பது ஒரு ரூபாய் செலவின்றி நிரூபணமாகிறது. நகராவிட்டால் பிளக்கை அவ்வாறே மாற்றிப் பார்த்து, பிறகு இன்ஜெக்டர், அதற்கும் பிறகே சிலிண்டரின் கம்ப்ரெஷன் என்று, மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததை நோக்கிப் போக வேண்டும். டீசல் வண்டியில் பொறி பாய்ச்சும் பிளக் கிடையாது ஆதலால் ஆராய்ச்சி டீசல் ஃபில்டரிலும் இன்ஜெக்டரிலும் தொடங்கும்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் புழங்கும் இந்நாளில், டாங்கில் நீர் புகாமல் காப்பது முன்னைவிட அவசியம். எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கி, பம்பு முதலில் உறிஞ்சும் இடத்திலேயே நிற்கும். பெட்ரோல் போட்ட சிறிது தூரத்தில் உதறல் தொடங்கினால் பில்லைப் பத்திரப்படுத்திவிட்டு டாங்கை இறக்கிப் பார்ப்பதே முறை.

டேஷ்போர்டில் என்ஜின் படமுள்ள மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் பட்டறைக்குப் போகலாம். உதறலோடு அது விட்டுவிட்டு மின்னினால், உடனே வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் வண்டியை நிறுத்த வேண்டும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து, அதன் உள்ளிருக்கும் பீங்கான் கட்டியை உருக்கிவிடும். பிளக்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அப்போது பல மடங்காகப் பெருகும்.

மவுண்டிங்கும் கிளச்சும்

எல்லாச் சிலிண்டர்களும் ஒழுங்காக எரியும் என்ஜினும் தனக்குரிய அதிர்வை உடையதே. அதை உடலுக்குப் போகாமல் தடுப்பவை, என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள். அமெரிக்காவில் 1931-இல் கிரைஸ்லர் கம்பெனியார் தங்கள் பிளிமத் கார்களில், என்ஜின் தன் இயல்பான அச்சைச் சுற்றி அசைந்துகொள்ளும்படி ரப்பரின்மேல் நிறுத்தி, நான்கு சிலிண்டர் காரின் உலுக்கலைப் பெரிதும் குறைத்துக் காட்டினார்கள். அந்த ரப்பர் கிழிந்தால், மிதிக்கும்போதெல்லாம் என்ஜின் எதிர்ப்புறமாகப் புரண்டு, இரும்பு இரும்பில் மோதும். பானெட்டைத் திறந்து, கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் போட்டு, கிளச்சை மெல்லப் பிடிக்கவிட்டால் என்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்பது பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியும். வண்டியின் முன்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளம்பும்போது மாத்திரம் உதறி, கிளச்சிலிருந்து காலை முழுவதும் எடுத்தவுடன் சரியாகிவிடும் வண்டியில் குறை கிளச்சில் இருக்கிறது. பிளேட்டில் ஆயில் பட்டிருப்பது, ஃப்ளைவீல் சூட்டினால் கோணியிருப்பது என்பவை முக்கியக் காரணங்கள். ஆயில் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அந்த ஆயில் சீலையும் மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதுப் பிளேட்டும் சில மாதங்களில் பழைய கதியை அடையும். ஆட்டோமேட்டிக் வண்டிகளுள் டார்க் கன்வெர்ட்டர் உடையவற்றில், மிதமான வேகத்தில் மெதுவாக மிதிக்கும்போது வரும் நடுக்கத்துக்குக் கியர்பெட்டியின் பழைய திரவம் காரணமாகலாம். கம்பெனி சொன்ன வகைத் திரவத்தையே மாற்றிப் பார்ப்பது முதற்படி.

குறையே இல்லாத உதறல்களும் உண்டு. நான்காம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எந்த வண்டியும் உலுக்கும். மைலேஜை நினைத்துக் கியரைக் குறைக்க மனமில்லாதவர்கள் அதற்கு வண்டியைக் குறை சொல்வது நியாயமன்று. மூன்று சிலிண்டர் என்ஜின், நிற்கும்போது நான்கு சிலிண்டர் என்ஜினைவிடச் சற்று அதிகமாக நடுங்குவதும் அதன் இயல்பு.

பட்டறையில் சொல்ல வேண்டியது

இவ்வளவையும் அறிந்தவர் பட்டறைக்குப் போய், ‘வண்டி உதறுது அண்ணே, பாருங்க’ என்று சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பமாட்டார். ‘40-லிருந்து 70 வரைக்கும் மிதிச்சா முன்பக்கம் ஆடுது, காலை எடுத்தா உடனே நின்னுடுது, மூணாவது கியர்லயும் அதே வேகத்துலதான் வருது, இழுவை குறையலை’ என்று சொல்வார். இந்த நான்கு செய்திகளைக் கேட்ட நல்ல மெக்கானிக், டயர்க்கடைக்கும் போகாமல், பிளக்கையும் தொடாமல், நேரே வண்டிக்கு அடியில் போய் உள்பக்க ஜாயிண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். வேலை முடிந்த பிறகு, பணம் கொடுப்பதற்கு முன், உதறல் வந்த அதே சாலையில், அதே வேகத்தில், அதே சுமையோடு இருவரும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். குழி விழுந்த பள்ளத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமான ரசீது கிடையாது.

பட்டறைக்காரர்மேல் பழி சொல்வதற்கு முன் வண்டிக்காரர்களாகிய நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. மாற்றிய பாகத்துக்குப் பில் போட்டால் பேரம் பேசியாவது கொடுத்துவிடுகிறோம். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அடியில் படுத்து ஆராய்ந்து, ‘இந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் மாற்ற வேண்டாம்’ என்று சொன்னவர் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால், ‘என்ன வேலை செய்தீர்கள்?’ என்று கேட்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, மாற்றுவதற்கு மட்டுமே கூலி என்று வைத்துவிட்டால், எந்தத் தொழிலாளியும் ஆராய்ச்சியைச் சுருக்கி மாற்றுவதைப் பெருக்கத்தான் செய்வார். பாகங்களின் விலையோடு ஒப்பிட்டால் அந்த ஒரு மணி நேரத்தின் விலை மிகக் குறைவு. அதை மனமுவந்து கொடுக்கிறவர்தான், கணக்குப் பார்க்கும்போது, உதறலைக் குறைந்த செலவில் தீர்த்தவராக இருப்பார்.